பெருசுகள் முதலில் போகும்

நாகர்கோவில்,
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். நீயும் உன் இரண்டு மாடுகளும் சுகமா? உன் காதைப் பற்றி மட்டும் விசாரிக்கப் போவதில்லை. அது எந்த நிலைமையில் இருக்கிறது என்று போன வாரமே மொரப்பூர் வரைக்கும் தெரிந்துவிட்டது.

நான் போனில் சொன்னது, "ஒரு தீவுல நத்தையெல்லாம் செத்துப்போச்சுண்ணா" என்று. நீ அதை அத்தை என்று கேட்டுக்கொண்டு, மாலையும் வாங்கிக்கொண்டு, பஸ் பிடித்துப் போய் மொரப்பூரில் இறங்கியிருக்கிறாய். கதவைத் திறந்ததே அத்தைதானாம். அவர்கள் எனக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசினார்கள். அதில் பாதியை எழுத்தில் எழுத முடியாது. காதுக்கு மெஷின் வைத்துக்கொள் என்றால், அது கிழவர்கள் வைப்பது என்கிறாய். உனக்கு ஐம்பத்தெட்டு முடிந்துவிட்டது. ஆகவே இனி நம் இருவருக்கும் போன் கிடையாது, கடிதம்தான். எழுத்தில் நத்தை நத்தையாகவே இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. விலங்கியல் படித்தவள் என்று ஒரு பதிப்பகத்தார் என்னிடம் சின்னப் புத்தகம் ஒன்று கேட்டிருக்கிறார்கள். இந்தப் பூமியில் ஐந்து முறை பேரழிவு வந்து, உயிரினங்கள் கூட்டம் கூட்டமாக அற்றுப்போயிருக்கின்றன. அப்படி வரும்போது சில விலங்குகள் மட்டும் ஏன் சுலபமாக மாட்டிக்கொள்கின்றன என்பதுதான் விஷயம். எட்டாம் வகுப்பு படித்தவருக்கு விளங்க வேண்டும் என்பது நிபந்தனை. எனக்குத் தெரிந்து எட்டாம் வகுப்போடு நின்றவன் நீதான். முதல் பத்தியை இதோ எழுதுகிறேன், படித்துவிட்டுச் சொல்:

"உடற்பருமன் மிக்கனவும், இனப்பெருக்க வேகம் குன்றியனவும், வாழிடப் பரப்பு குறுகியனவும், உணவுத் தேர்வில் சிறப்பினமாகியனவும் பேரழிவுக்கு எளிதில் ஆட்படுகின்றன."

வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை,
கலைச்செல்வி


நாவல்கொட்டாய்,
பாப்பாரப்பட்டி வழி,
20 ஜூன் 2024

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நானும் மாடுகளும் நல்லபடியாக இருக்கிறோம். கறுப்பு மாடு சினை. உன் உடம்பைப் பார்த்துக்கொள், அங்கே மீனைத் தவிர வேறெதுவும் கிடைக்குமோ என்னவோ.

மாலை வீணாகவில்லை. அத்தை அதை வாங்கி முருகன் படத்துக்குப் போட்டுவிட்டு எனக்குச் சோறு போட்டார்கள். திட்டிக்கொண்டேதான் போட்டார்கள். எனக்குப் பாதி கேட்கவில்லை, அதனால் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

உன் பத்தி பாறாங்கல் மாதிரி இருக்கிறது. நான்கு தடவை படித்தும் நகரவில்லை. சிறப்பினம் என்றால் சிறப்பானது என்றுதானே அர்த்தம்? சிறப்பானது எதற்கு அழிய வேண்டும்? நாம் வூட்டில் எப்படிப் பேசுவோமோ அப்படி எழுது பாப்பா. அப்போதுதான் எனக்கு ஏறும்.

ஒரு விஷயம். என் கண்ணாடி உடைந்துவிட்டது. மாடு மிதித்துவிட்டது. ஆனாலும் நீ எழுதுவதை நிறுத்தாதே. தபால்காரர் கொட்டாய்க்குள் வருவதில்லை, எல்லாவற்றையும் பால் சொசைட்டியில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். அதனால் சொசைட்டி விலாசத்துக்கே போடு.

வெயில் கொளுத்துகிறது. நேற்று பெரியம்மாள் மோர் கொடுத்தார்கள். கொத்தமல்லி எல்லாம் கிள்ளிப் போட்டிருந்தது. நன்றாக இருந்தது.

இப்படிக்கு,
மாது


நாகர்கோவில்,
1 ஜூலை 2024

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். உன்னைப் பற்றித்தான் இப்போது கவலை. நம் பெரியம்மா இறந்து நான்கு வருடம் ஆகிறது. காரியத்துக்கு நானே வந்திருந்தேன். அவர்கள் எப்படி வந்து உனக்கு மோர் கொடுத்தார்கள், அதுவும் கொத்தமல்லி கிள்ளிப் போட்டு? இதைப் பெரியப்பாவிடம் சொன்னாயா? சொல்லாதே. எண்பத்திரண்டு வயதில் மனுஷனுக்கு அதிர்ச்சி ஆகாது. வெயிலில் தலையில் துண்டு போட்டுக்கொண்டு போ.

நீ கேட்டபடி பாடத்தை வூட்டுப் பேச்சில் மாற்றிவிட்டேன். இப்போது ஏறுகிறதா பார்:

"பேரழிவு வந்தா பெருசுங்கதான் முதல்ல போகும். சிறுசுங்க எப்படியோ தப்பிச்சுக்கும். ஏன்னா பெருசுங்களுக்குத் தீனி நிறைய வேணும், பஞ்சம் தாங்காது. ஒண்ணு ரெண்டு குட்டிதான் போடும், அதுவும் ரொம்ப வருசம் கழிச்சு. ரெண்டாவது, ஒரே தீனியே கதின்னு கிடக்கிறது தப்பாது. அந்தத் தீனி போனா அதுவும் போச்சு. மூணாவது, ஒரே ஊர்ல அடைஞ்சு கிடக்கிறது தப்பாது. பத்து இடத்துல பரவி இருக்கிறது ஒரு இடத்துலயாவது மிஞ்சும்."

ஆறரைக் கோடி வருடத்துக்கு முன்னால் விண்கல் விழுந்தபோது இதுதான் நடந்தது. வீடு உயரப் பிராணிகள் போயின. எலி அளவுப் பிராணிகள் கிடைத்ததைத் தின்று பொந்துக்குள் கிடந்து பிழைத்தன.

கறுப்பு மாட்டை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கலைச்செல்வி


நாவல்கொட்டாய்,
22 ஜூலை 2024

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் நலம். ஊர்தான் நலமில்லை. அதற்கு நீதான் காரணம்.

முதலில் மோர் விஷயம். நான் எழுதியது பெரியம்மா இல்லை, பெரியம்மாள். கடைசியில் 'ள்' போட்டிருக்கிறேன், எடுத்துப் பார். சொசைட்டியில் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சோதித்து ஊற்றிக்கொள்பவர். நாற்பத்தெட்டு வயது. கணவர் போய்ப் பத்து வருடம். பெண்ணைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். பேய் இல்லை.

இப்போது உன் பாடம். அது சொசைட்டியில் படிக்கப்பட்டது. யாரால் படிக்கப்பட்டது என்பது முக்கியமில்லை. எனக்குக் கேட்க வேண்டும் என்பதால் சத்தமாகப் படிக்கப்பட்டது. பால் கேனோடு வரிசையில் நின்ற முப்பது பேரும் கேட்டுவிட்டார்கள். "பெருசுங்கதான் முதல்ல போகும், சிறுசுங்க எப்படியோ தப்பிச்சுக்கும்" என்ற இடம் வந்ததும், வரிசையில் தலை நரைத்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நம் ஊரில் பெருசு என்றால் யார் என்று உனக்குத் தெரியாதா? நாகர்கோவில் போனதும் மறந்துவிட்டதா?

முனியப்பன் பெரியப்பா கேனைக் கீழே வைத்துவிட்டார். "உன் தங்கச்சி எங்க சாவுக்கு லிஸ்ட் போட்டு அனுப்பியிருக்காளாடா?" என்றார். நான் சமாதானம் சொன்னேன். அவர் விரலை மடக்க ஆரம்பித்துவிட்டார். "நான் பெருசு. பொழுதுக்கும் களியத் தவிர எதையும் தொட்டதில்ல. இந்தக் கொட்டாய விட்டு வேற எங்கயும் போயி ராத் தங்கினதில்ல. மூணும் எங்கிட்ட இருக்குது. அவ என்னயத்தான் எழுதியிருக்கா."

மறுநாள் பாப்பாரப்பட்டி போய்ப் பரோட்டா தின்றார். அதற்கு அடுத்த நாள் பல இடத்தில் பரவி இருக்க வேண்டும் என்று பையைத் தூக்கிக்கொண்டு தருமபுரியில் மகள் வூட்டுக்குப் போனார். பரோட்டா அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மகள் வூட்டுக் கக்கூஸும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் நாளே திரும்பி வந்துவிட்டார். இப்போது என்னிடம் பேசுவதில்லை. பேசினாலும் எனக்குக் கேட்பதில்லை, ஆனால் பேசவில்லை என்பது தெரிகிறது.

உன் பாடத்தில் பெரியம்மாளுக்கு ஒரு சந்தேகம். எலி மட்டும் எப்படிப் பிழைத்தது என்று விவரமாகக் கேட்கச் சொன்னார். எனக்கும் ஒரு சந்தேகம். எல்லாம் போய் ஒற்றையாக ஒன்று மட்டும் மிஞ்சினால், அது என்ன செய்யும்?

இப்படிக்கு,
மாது


நாகர்கோவில்,
5 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணா,

நான் சுகம், ஆனால் உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் விலா வலிக்கிறது. பெரியப்பாவின் காலில் விழுந்து நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். பெருசு என்று நான் எழுதியது உருவத்தில் பெருசை. யானை அளவில் இருப்பதை. வயதில் பெரியவர்களை இல்லை. அச்சில் போகும்போது 'பெரிய உடம்புக்காரப் பிராணிகள்' என்று மாற்றிவிடுகிறேன். நல்லவேளை, புத்தகம் ஊருக்கு வருவதற்கு முன்னால் தெரிந்தது.

உங்கள் சந்தேகங்களுக்கு வருகிறேன். எலி பிழைத்ததற்குக் காரணம் அது எதற்கும் முகம் சுளிக்காதது. விதை, புழு, செத்தது, அழுகியது எதுவானாலும் சரி. விண்கல் விழுந்த பிறகு புழுதி மூடி, வெயிலே இல்லாமல் செடிகொடி எல்லாம் வாடிப்போன காலத்தில், பச்சை இலையை மட்டுமே நம்பியவை செத்தன. அந்த இலை தின்றவற்றை மட்டுமே தின்றவையும் பின்னாலேயே செத்தன. குப்பையைக் கிளறத் தெரிந்தவை தப்பின.

உன் சந்தேகம்தான் கொஞ்சம் சங்கடமானது. ஒற்றையாய் மிஞ்சியது சாகும் வரைக்கும் வாழும், வேறென்ன. ஆனால் ஓர் இனம் உண்மையில் ஒற்றையாகும் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. ஒரு மலையில் ஒன்றும் அடுத்த மலையில் ஒன்றுமாக இருக்கும். இருப்பது அதற்கும் தெரியாது, இதற்கும் தெரியாது. கூப்பிட்டாலும் கேட்காத தூரம். எண்ணிக்கையில் இரண்டு, கணக்கில் பூஜ்யம்.

எதற்குக் கேட்டாய்?

இன்னொன்று. உன் இரண்டு பக்கக் கடிதத்தில் கறுப்பு மாடு ஒரு தடவைகூட வரவில்லை. பெரியம்மாள் பக்கத்துக்கு ஒரு தடவை வருகிறார். 'ள்' போட்டுத்தான் வருகிறார், நான் எண்ணிப் பார்த்தேன்.

அன்புடன்,
கலைச்செல்வி


நாவல்கொட்டாய்,
16 செப்டம்பர் 2024

அன்புள்ள பாப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? கறுப்பு மாடு கன்று போட்டது, கிடாரி. மாடு நலம், கன்று நலம். நீ குறை சொன்னதால் மாட்டை முதலில் எழுதிவிட்டேன். எண்ணிக்கொள்.

உன் மன்னிப்பைப் பெரியப்பாவிடம் சொன்னேன். "யானை அளவுன்னு என்னயத்தான் சொல்றா" என்றார். அவர் எடை தொண்ணூற்றெட்டு கிலோ. அதை நான் உனக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். ஆனால் உன் கடிதம் வரும் நாளில் வரிசையில் முதல் ஆளாக நிற்பவர் அவர்தான். இப்போதெல்லாம் உன் கடிதம் வந்த நாளில் பால் சீக்கிரமாக வந்துவிடுகிறது. மாடே இல்லாதவர்கள்கூட வருகிறார்கள்.

பெரியம்மாளுக்கு நல்ல குரல். கத்துவதில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைக்கிறார். வேறு யார் பேசினாலும் எனக்குப் பாதிதான் கேட்கிறது. அவர் படித்தால் ஒரு சொல் விடாமல் கேட்கிறது. ஏனென்று உன் விலங்கியலில் இருக்கிறதா?

சொசைட்டிக்குப் புது மெஷின் வரப்போகிறது. பாலை ஊற்றினால் அதுவே எல்லாம் பார்த்துச் சொல்லிவிடுமாம், ஆள் தேவைப்படாதாம். பெரியம்மாள் பொங்கல் கழித்து மகளோடு இருக்கத் திருப்பூருக்கே போகிறார். தகவலுக்காக எழுதினேன். எனக்கென்ன.

பேரழிவு வரப்போவது விலங்குகளுக்கு முன்கூட்டியே தெரியுமா?

இப்படிக்கு,
மாது


நாகர்கோவில்,
3 நவம்பர் 2024

இதை நீ மட்டும் தனியாகப் படி.

அன்புள்ள அண்ணா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஏழு வாரம் எழுதாததற்கு வேறு காரணம், பிறகு சொல்கிறேன். முதலில் உன்னிடம் ஒரு கேள்வி. உன் கண்ணாடியை மாடு மிதித்து நாலரை மாதம் ஆகிறது. உன் கடிதங்களோ கோடு பிசகாமல் வருகின்றன. 'ள்'ளுக்குச் சுழி எல்லாம் அழகாக இருக்கிறது. கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாதவன் கண்ணாடி இல்லாமல் எப்படி எழுதுகிறாய்? முதல் பத்தியை நான்கு தடவை படித்தேன் என்று வேறு எழுதியிருக்கிறாய். உன் கண்ணாடி உடையவில்லை. அவர் படித்துக் காட்ட வேண்டும் என்பதற்காக உடைந்ததாகச் சொல்லியிருக்கிறாய், அதுவும் மாட்டின் மேல் பழியைப் போட்டு.

நேராகவே கேட்கிறேன். அந்தப் பெரியம்மாளை உனக்குப் பிடித்திருக்கிறதா? கட்டிக்கொள்ள ஆசையா?

இருந்தால் இருக்கிறது என்று எழுது. எனக்கு முதலில் கோபம் வந்தது, அதனால்தான் இத்தனை நாள் பேனாவைத் தொடவில்லை. ராமக்காள் அண்ணி போய் ஆறு வருடம்தான் ஆகிறது. எனக்கு வேலை கிடைத்தபோது புளிச்சோறு கட்டிக்கொண்டு சேலம் வரைக்கும் வந்து ரயில் ஏற்றிவிட்டவர்கள். ரயில் நகர்ந்த பிறகும் கூடவே நடந்து வந்தார்கள், செருப்பு அறுந்ததைக்கூடப் பார்க்கவில்லை. உன் பக்கத்தில் வேறொருவரை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் அழுதேன்.

பிறகு புத்தகத்தில் ஓர் இடம் எழுத வேண்டியிருந்தது. கடலில் சுருள் ஓட்டோடு இரண்டு வகைப் பிராணிகள் இருந்தன. ஒன்று ஆயிரக்கணக்கில் பொடி முட்டை போட்டு, குஞ்சுகளைக் கடலின் மேல்மட்டத்தில் மிதக்க விட்டது. விண்கல் விழுந்ததும் மேல்மட்டம்தான் முதலில் கெட்டது. அந்த வகை அடியோடு போயிற்று. இன்னொன்றுக்கு நாட்டிலஸ் என்று பெயர். ஆழத்தில் கிடக்கும், கிடைத்ததைத் தின்னும், பட்டினி தாங்கும். அது முட்டை போடும் வயதுக்கு வரவே பத்து வருடத்துக்கு மேல் ஆகும். நான் உனக்கு எழுதிய விதிப்படி பார்த்தால் மெதுவாகப் பெருகும் அதுதான் முதலில் போயிருக்க வேண்டும். போகவில்லை. இன்றைக்கும் இருக்கிறது. தாமதமாவது எல்லாம் தப்பு இல்லை என்று எழுதிவிட்டு, உன்னை நினைத்துக்கொண்டேன்.

நான் தனியாக இருக்கிறேன், அது எனக்குப் பிடித்து இருப்பது. நீ தனியாக இருப்பது அப்படி இல்லை. ஒரே களியும் ஒரே குழம்பும் வைத்துக்கொண்டு, யார் பேசினாலும் கேட்காமல், ஒரே கொட்டாயில். என் அண்ணன் அப்படி முடிந்துபோவது எனக்கு வேண்டாம். ராமக்காள் அண்ணியின் இடம் அவர்களுடையதுதான், அதில் யாரும் உட்கார வேண்டியதில்லை. இவருக்கு வேறு இடம் போடு. இவரையும் நான் அண்ணி என்றே கூப்பிடுகிறேன்.

விலங்குகளுக்கு முன்கூட்டியே தெரியாது. உனக்குத்தான் தேதியே தெரியுமே, பொங்கல் கழித்து. அதற்குள் வாயைத் திற.

அன்புடன்,
கலைச்செல்வி


நாவல்கொட்டாய்,
14 நவம்பர் 2024

பாப்பா,

நலம் விசாரிக்கும் நிலைமையில் நான் இல்லை.

கடிதம் சொசைட்டிக்குத்தான் வந்தது. பெரியம்மாள் எப்போதும் போல உறையைப் பிரித்தார். எப்போதும் போல எனக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தார்: "இதை நீ மட்டும் தனியாகப் படி."

வரிசையில் ஒருவரும் அசையவில்லை. நான் கடிதத்துக்குக் கையை நீட்டினேன். நீட்டிய பிறகுதான் யோசித்தேன். வாங்கினால் படிக்க வேண்டும். படித்தால் கண்ணாடி போட வேண்டும். கண்ணாடிதான் உடைந்திருக்கிறதே. நீட்டிய கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

பெரியம்மாள், "படிக்கட்டுங்களா, வேண்டாங்களா?" என்று கேட்டார். எனக்கு முன்னால் முனியப்பன் பெரியப்பா சொல்லிவிட்டார்: "அவந்தான் தனியாத்தான இருக்கான். படிம்மா."

கண்ணாடி விஷயம் முழுவதும் படிக்கப்பட்டது. 'ள்'ளுக்குச் சுழி போட்டது, மாட்டின் மேல் பழி போட்டது எல்லாம். வரிசையே சிரித்தது. அவர் சிரிக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. அப்புறம், "நேராகவே கேட்கிறேன். அந்தப் பெரியம்மாளை உனக்கு" என்று படித்தார். அந்த வரியின் மிச்சத்தைக் கண்ணால் படித்தார் போலிருக்கிறது. வாய் அசையவில்லை. கடிதத்தை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார்.

"மீதிய நீங்களே படிச்சுக்கங்க. கண்ணாடி சட்டைப் பையிலதான் இருக்குது" என்றார். அடுத்த கேனைத் தூக்கிவிட்டார்.

மீதியை வூட்டில் படித்தேன். படித்து என்ன? நீ சம்மதம் சொன்ன பக்கம் அவருக்குத் தெரியாது. நான் அவரை ஊர் முன்னால் நிற்க வைத்தது மட்டும்தான் தெரியும். இந்த நாலு மாதமும் அவரை ஏமாற்றியிருக்கிறேன். ஐந்து நாளாகச் சொசைட்டி பக்கமே போகவில்லை, பக்கத்து வூட்டுப் பையனிடம் பாலைக் கொடுத்து அனுப்புகிறேன். எல்லாம் முடிந்தது. உன் ஐந்து பேரழிவோடு இதையும் சேர்த்து எழுதிக்கொள்.

மாது


நாகர்கோவில்,
19 நவம்பர் 2024

அண்ணா,

இதைச் சொசைட்டிக்கு அனுப்பவில்லை. அத்தை பெயருக்கு மொரப்பூருக்கு அனுப்பி, நேரில் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் வரும் வழியெல்லாம் உன்னைத் திட்டுவார்கள், பொறுத்துக்கொள்.

உனக்குக் காது மட்டும்தான் மந்தம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கண்ணாடி சட்டைப் பையில் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அது அன்றைக்குத்தான் தெரிந்ததும் இல்லை. தினமும் இரண்டு வேளை பால் வாங்கும்போது உன் சட்டைப் பைக்கு நேராக நிற்பவர் அவர். பாலில் தண்ணீர் இருப்பதையே கண்டுபிடிப்பவருக்குப் பையில் கண்ணாடி இருப்பது தெரியாதா? உனக்குப் படிக்க முடியும் என்று தெரிந்தேதான் நாலரை மாதமாக உனக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்.

மீதிப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் படித்துக் காட்டு. கண்ணாடி போட்டுக்கொண்டு.

கலைச்செல்வி


அஞ்சல் அட்டை
நாகர்கோவில், 20 டிசம்பர் 2024

நாவல்கொட்டாய் பால் சொசைட்டியில் இதைப் பார்ப்பவர் யாரானாலும் சரி, அவர்களுக்கு வணக்கம். எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் அண்ணன் மாது ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை. அவன் உயிரோடு இருக்கிறானா, சொசைட்டிக்கு வருகிறானா என்று தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள். உரக்கப் படிக்கலாம்.

கலைச்செல்வி


நாவல்கொட்டாய்,
28 டிசம்பர் 2024

மதிப்புக்குரிய கலைச்செல்வி அம்மாவுக்குப் பெரியம்மாள் எழுதுவது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். உங்கள் அட்டையை நான்தான் படித்தேன், உரக்கத்தான் படித்தேன். உங்கள் அண்ணன் உயிரோடு இருக்கிறார். பதில் எழுத அவருக்குக் கூச்சம், அதனால் நான் எழுதுகிறேன். பிழை இருந்தால் மன்னிக்கவும். பத்தாவது வரைதான் படிப்பு.

உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு அவர் மறுநாளே வந்துவிடவில்லை. மூன்று வாரம் யோசித்தார். இந்த மாதம் பத்தாம் தேதி புது மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதைப் பார்த்தவர் வூட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். வரிசைக்கு முன்னால் நின்று, பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, உங்கள் மீதிக் கடிதத்தைப் படிக்க ஆரம்பித்தார். அவருக்கு அவர் குரலே சரியாகக் கேட்காது அல்லவா, அதனால் நான் படிப்பதைவிட மூன்று மடங்கு சத்தம். ரோட்டில் போன மினி பஸ் நின்றுவிட்டது.

"இருந்தால் இருக்கிறது என்று எழுது" என்ற வரியைப் படித்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இருக்குதுங்க" என்றார். பிறகு திரும்பவும் கடிதத்துக்குப் போய்விட்டார்.

ராமக்காள் ரயில் கூடவே நடந்துவந்த இடம் வந்ததும் அவரால் படிக்க முடியவில்லை. நான் வாங்கி மீதியைப் படித்தேன். எனக்கும் ராமக்காளைத் தெரியும் அம்மா. பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காத வூடு அது ஒன்றுதான். அவர் செருப்பு அறுந்த வரியை இரண்டு தடவை படித்தேன். அண்ணி என்றே கூப்பிடுகிறேன் என்று நீங்கள் எழுதிய வரியை நான்தான் என் வாயால் படித்தேன். படித்து முடித்துவிட்டு எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முனியப்பன் பெரியவர்தான் முதலில் பேசினார். "கட்டிக்கிற முறைதான், நான் எப்பவோ விசாரிச்சுட்டேன். பெருசுங்க முதல்ல போவோம்னு அந்தப் புள்ள எழுதிட்டா. போறதுக்குள்ள எங்களுக்குக் கல்யாணச் சோறு போட்டுருங்க" என்றார். என் மகளிடமும் அவரே போனில் பேசினார். அவள் அழுதாள், அப்புறம் சிரித்தாள், அப்புறம் புடவை என்ன நிறம் என்று கேட்டாள். உங்கள் அண்ணன் மகன் ரஞ்சித்குமார் பெங்களூரிலிருந்து வந்து, "அப்பாவுக்குக் களி தவிர வேற ஏதாவது பழக்கிவுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். முயற்சி செய்கிறேன்.

நான் திருப்பூர் போகவில்லை. மெஷின் எல்லாவற்றையும் பார்க்கிறது, ஆனால் பார்த்ததைச் சின்ன எழுத்தில் காட்டிவிட்டுச் சும்மா இருக்கிறது. வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேருக்கு அது தெரிவதில்லை. உரக்கப் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று என்னையே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

தை பத்தாம் தேதி, தீர்த்தமலைக் கோயிலில் வைத்திருக்கிறோம். நீங்கள் முதல் நாளே வந்துவிட வேண்டும். வரும்போது அந்த நாட்டிலஸ் படம் ஒன்று இருந்தால் கொண்டுவாருங்கள். இவ்வளவு நாள் தாங்கிய பிராணியை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

காதுக்கு மெஷின் வாங்கி வருவதாக அத்தையிடம் சொன்னீர்களாம். அவசரமில்லை அம்மா. புத்தகம் முடியட்டும். உங்கள் கடிதம் வந்தால் படித்துக் காட்ட வேண்டும் அல்லவா, அதற்காக அவர் கண்ணாடியை அன்றைக்கே வாங்கி என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். உடைந்துவிட்டது என்றுதான் ஊரில் சொல்கிறோம். இந்த முறை இரண்டு பேரும் சேர்ந்து சொல்கிறோம்.

உங்கள் அன்புள்ள அண்ணி,
பெரியம்மாள்